முத்திரை மோதிரமும் மின்னிலக்கக் கையொப்பமும்

 

சென்ற ரமலான் பிறப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன் நமது சங்கப் பொருளாளருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நோன்புக் கஞ்சிக்கு அரிசியும் சாமான்களும் அனுப்பும் கடைக்காரர் பெயரில் வந்த கடிதம் அது. எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, ஆகையால் 4,800 வெள்ளியை இம்முறை புதிய கணக்கில் செலுத்தக் கோருகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. கடையின் சின்னம் இருந்தது. பில் எண் சரி. தொகையும் சரி. ஆனால் பொருளாளர் பழைய காலத்து மனிதர். சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்துபோய்க் கடைக்காரரையே நேரில் கேட்டார். கணக்கு மாறவேயில்லை! கடைக்காரர் அப்படியொரு கடிதம் எழுதவுமில்லை.

ஜமாஅத்தார் ஐந்தும் பத்துமாகக் கொடுத்த பணம் அல்லாஹ்வின் கிருபையால் தப்பியது. எனினும், அந்நிகழ்ச்சியைச் சிறிது ஆராய்ந்து பார்த்தால் அதில் இரண்டு குற்றங்கள் அடங்கியிருப்பது விளங்கும். பில் எண்ணும் தொகையும் தெரிந்திருந்தபடியால், எவனோ ஒருவன் இருதரப்பார் கடிதங்களையும் முன்னரே இரகசியமாகப் படித்திருக்கிறான். இது முதற் குற்றம். பிறகு பிறர் பெயரால் கடிதம் எழுதியிருக்கிறான். இது இரண்டாவது குற்றம். முதலாவதைத் தடுக்கும் கருவிக்கு மறையாக்கம் என்று பெயர். இரண்டாவதைத் தடுப்பது மின்னிலக்கக் கையொப்பம். இவ்விரண்டையும் பற்றி நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்திருப்பது அவசியம் என்று கருதியே இப்பாடம் எழுதப்படுகிறது.

முத்திரையின் வரலாறு

இவ்விஷயம் நமக்குப் புதிதன்று. ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் படிப்பதில்லை என்று தோழர்கள் தெரிவித்தனர். அதன்மேல் பெருமானார் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்று செய்வித்து, அதில் தம் திருநாமத்தையும் இறைத்தூதர் என்பதையும் மூன்று வரியில் பொறிக்கச் செய்தார்கள். அதே வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் தடுத்தார்கள். இச்செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது.

அத்தடையின் கருத்தை நாம் கவனிக்க வேண்டும். ஒரே முத்திரை இருவரிடம் இருந்தால், எது யாருடைய கடிதம் என்று எவரால் சொல்ல முடியும்? முத்திரையின் மதிப்பெல்லாம் அது ஒருவர் கையில் மட்டும் இருப்பதில் அன்றோ இருக்கிறது! இந்த ஒரு கருத்தை நினைவில் நிறுத்திக்கொண்டால் பின்னர் வருவன யாவும் எளிதில் விளங்கும்.

மறைமொழியும் அல்கிந்தியும்

இனி, பிறர் படிக்காமல் மறைத்து எழுதும் கலையைப் பார்ப்போம். சிறுவர்கள் ஓர் எழுத்துக்குப் பதில் அடுத்த எழுத்தை எழுதி விளையாடுவதுண்டு. இத்தகைய மறைமொழியை உடைக்கும் வழியை முதன்முதலில் எழுதிவைத்தவர், 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தி ஆவார். ஒவ்வொரு மொழியிலும் சில எழுத்துக்கள் மிகுதியாகவும் சில எழுத்துக்கள் அருகியும் வரும். அரபியில் அலிஃபும் லாமும் மிகுதி. மறைத்து எழுதிய கடிதத்தில் எந்தக் குறி அதிகமாக வருகிறதென்று எண்ணிப் பார்த்தால், அது இன்ன எழுத்து என்று ஊகித்துவிடலாம் என்று அவர் காட்டினார். அந்நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல் நகரில் கண்டெடுக்கப்பட்டு 1980-களில் அச்சில் வந்தது.

இதில் நமக்குள்ள படிப்பினை யாது? வீட்டிலேயே புனைந்துகொண்ட மறைமொழியை நம்புவது பேதைமை. உலகத்து அறிஞர்கள் உடைக்க முயன்று, உடைக்க முடியாமல் நிற்கும் முறையே நம்பத்தக்கது. அம்முறை எப்படி வேலை செய்கிறதென்பது ஊரறிந்ததாக இருக்கலாம். சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் போதும்.

இரண்டு சாவிகள்

பழைய மறையாக்கத்தில் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. சிங்கப்பூரில் இருப்பவர் தென்காசியிலோ கடையநல்லூரிலோ இருக்கும் தம் சகோதரருக்கு மறைத்து எழுத வேண்டுமானால், முதலில் அந்தச் சாவியை அவரிடம் சேர்ப்பித்தாக வேண்டும். சாவியை எந்தத் தபாலில் நம்பி அனுப்புவது? பல நூற்றாண்டுகளாகத் தீராதிருந்த இச்சிக்கலுக்கு 1976-ல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் ஒரு வழி கண்டனர். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் அதனைக் கையாளத்தக்க முறையாக்கினர். அம்மூவர் பெயரின் முதலெழுத்துக்களால் அது ஆர்.எஸ்.ஏ. எனப்படுகிறது.

இம்முறையில் ஒவ்வொருவருக்கும் இணையான இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று பொதுச் சாவி. அதை ஊரெல்லாம் கொடுக்கலாம். மற்றொன்று தனிச் சாவி. அதை எவருக்கும் கொடுக்கலாகாது. ஒரு சாவியால் பூட்டியதை அதன் இணைச் சாவி ஒன்றே திறக்கும்.

பொதுச் சாவியிலிருந்து தனிச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். 61-ஐயும் 53-ஐயும் பெருக்கினால் 3,233 என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் 3,233 எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கம் என்று கேட்டால் பெரியவர்களும் சற்றுத் திகைப்பர். பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். இன்று வழங்கும் ஆர்.எஸ்.ஏ. சாவிகளில் அப்பெருக்கம் 617 இலக்கங்கள் கொண்டது. அதைப் பிரித்தெடுக்க இன்றுள்ள கணினிகளால் இயலாது.

இத்துறையில் இன்னொரு பெயரையும் நாம் அறிய வேண்டும். கெய்ரோவில் பிறந்த தாஹிர் அல்கமால் என்பவர் 1985-ல் வேறொரு கணக்கின்மேல் மறையாக்க முறையும் கையொப்ப முறையும் அமைத்தார். பின்னர் நெட்ஸ்கேப் கம்பெனியில் பணியாற்றியபோது, இணையத்தில் பணமும் கடிதமும் பத்திரமாகச் செல்லும் முறையை உருவாக்குவதில் முன்னின்றார்.

கையொப்பம் இடுவது எவ்வாறு?

கடிதத்தை மறைக்க, பெறுபவரின் பொதுச் சாவியால் பூட்டுகிறோம். அவருடைய தனிச் சாவியே அதைத் திறக்கும். கையொப்பமிடுவதற்கு நம்முடைய தனிச் சாவியைப் பயன்படுத்துகிறோம். நம் பொதுச் சாவியைக் கொண்டு எவரும் அதைச் சோதித்துக்கொள்ளலாம்.

கணினி முதலில் கடிதம் முழுவதையும் ஒரு சிறு குறியாகச் சுருக்குகிறது. இன்று பெரிதும் வழங்கும் முறையில் அது 64 எழுத்துக்களும் எண்களும் கொண்ட ஒரு வரியாக அமையும். கடிதத்தில் 4,800 என்பதை 4,801 என்று மாற்றினாலும், ஒரு புள்ளியைக் கூட்டினாலும், அவ்வரி அடியோடு மாறிவிடும். இச்சுருக்கக் குறியின்மேல் நம் தனிச் சாவியைப் பதித்து அனுப்புவதே மின்னிலக்கக் கையொப்பம். பெறுபவரின் கணினி தானும் கடிதத்தைச் சுருக்கி, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறது. ஒத்திருந்தால், கடிதம் இன்ன சாவியால் ஒப்பமிடப்பட்டது என்பதும், இடைவழியில் எவரும் கைவைக்கவில்லை என்பதும் உறுதியாகின்றன.

பேனாவால் போட்ட கையெழுத்தைப் படம்பிடித்துக் கடிதத்தின் கீழ் ஒட்டுவதை மின்னிலக்கக் கையொப்பம் என்று பலர் எண்ணுகின்றனர். அது வெறும் படம். யார் வேண்டுமானாலும் வெட்டி வேறு கடிதத்தில் ஒட்டலாம். அதுபோலவே, ஊரிலிருந்து வரும் மின்-ஆதார் அட்டையில் கையொப்பக் குறியைப் பார்த்திருப்பீர்கள். அதைக் காகிதத்தில் அச்சிட்டுவிட்டால், அந்தக் குறியைப் பார்த்து எதையும் உறுதி செய்ய முடியாது. மூலக் கோப்பைக் கணினியில் திறந்து சோதிக்க வேண்டும்.

சிங்கப்பூர்ச் சட்டம் கூறுவது

நம் சிங்கப்பூர் 1998-லேயே மின்னிலக்கப் பரிவர்த்தனைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் 2010-ல் புதுப்பிக்கப்பட்டது. பாதுகாப்பான கையொப்பத்துக்கு அது நான்கு நிபந்தனைகள் விதிக்கிறது.

1. கையொப்பம் அதனைப் பயன்படுத்துபவருக்கே உரியதாக இருத்தல்.
2. அவர் இன்னார் என்று காட்டவல்லதாக இருத்தல்.
3. அவருடைய முழுக் கட்டுப்பாட்டில் மட்டும் உள்ள சாதனத்தால் இடப்பட்டிருத்தல்.
4. ஆவணத்தில் மாற்றம் செய்தால் கையொப்பம் செல்லாமற் போகும்படி இரண்டும் பிணைக்கப்பட்டிருத்தல்.

மூன்றாவது நிபந்தனையைப் படிக்கும்போது வெள்ளி மோதிரம் நம் நினைவுக்கு வராமற் போகாது.

2003-ல் தொடங்கிய சிங்பாஸில் 2020 நவம்பர் முதல் ஆவணங்களில் மின்னிலக்கக் கையொப்பம் இடும் வசதியும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க. உயில் எழுதுவதற்கு இச்சட்டம் பொருந்தாது. ஆகவே வசிய்யத் எழுத விரும்புவோர் கணினிக் கையொப்பத்தை நம்பி இருந்துவிடாமல், காகிதத்தில் சாட்சிகளோடு முறைப்படி எழுதிவைக்கக் கடவர்.

சர்வரில் வேண்டிய கருவிகள்

சங்கத்தின் மின்னஞ்சலும் இணையப் பக்கமும் அங்கத்தினர் பட்டியலும் தங்கியிருக்கும் கணினியைச் சர்வர் என்கிறோம். அதற்கு வேண்டிய கருவிகள் ஐந்து.

முதலாவது, வழிப் பாதுகாப்பு. நம் கைப்பேசிக்கும் சர்வருக்கும் இடையே செல்லும் செய்தியை இது மறைக்கிறது. டி.எல்.எஸ். என்பது இதன் பெயர். இதற்கு வேண்டிய சான்றிதழை 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற நிறுவனம் இலவசமாக வழங்கி வருகிறது. ஆகவே பணமில்லை என்ற சாக்குச் சொல்ல இடமில்லை. ஆனால், இப்பூட்டுக் குறியைக் கண்டவுடன் எதிரே இருப்பவர் யோக்கியர் என்று முடிவு செய்துவிடலாகாது. மோசக்காரனும் அச்சான்றிதழைப் பெறலாம். வழி மூடப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். மேலும், சர்வரை அடைந்ததும் செய்தி திறந்துவிடும்.

இரண்டாவது, கடிதத்தையே பூட்டும் கருவி. 1991-ல் பில் ஜிம்மர்மன் என்ற அமெரிக்கர் பி.ஜி.பி. என்னும் மென்பொருளை வெளியிட்டார். ஆயுதத்தை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பியதைப் போலக் கருதி, அவர்மேல் அந்நாட்டு அரசாங்கம் விசாரணை நடத்தி, 1996-ல் கைவிட்டது. அதே முறையில் ஜெர்மானியராகிய வெர்னர் கோக் இயற்றிய குனு பி.ஜி. இலவசமாகக் கிடைக்கிறது. இதனால் பூட்டிய கடிதத்தைச் சர்வரைப் பராமரிப்பவரும் படிக்க இயலாது. ஆனால் கடிதத்தின் தலைப்பு வரி பொதுவாக மறைவதில்லை. ஆகவே தலைப்பில் பெயரோ தொகையோ எழுதாதீர்கள்.

மூன்றாவது, சர்வர் தானே இடும் ஒப்பம். இதற்கு டி.கே.ஐ.எம். என்று பெயர். கடிதம் உண்மையிலேயே இன்ன முகவரிக்குரிய சர்வரிலிருந்து புறப்பட்டது என்று இது காட்டும்.

நான்காவது, சர்வருக்குள் நுழையும் வழி. மறைச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்டு, ததூ இலோனன் என்பவர் 1995-ல் எஸ்.எஸ்.எச். என்ற கருவியை அமைத்தார். பராமரிக்கும் தொண்டர் வெறும் மறைச்சொல்லை நம்பாமல், இதில் சாவி வைத்து நுழைவதே நன்று. ஒவ்வொரு தொண்டருக்கும் தனித்தனிச் சாவி இருக்க வேண்டும்.

ஐந்தாவது, நகல் பூட்டு. சர்வரிலுள்ள பட்டியல்களை நகலெடுத்து வைக்கிறோம் அல்லவா? அந்நகலையும் மறையாக்கம் செய்தே வைக்க வேண்டும். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மேஜைமீது பணத்தை விட்டுவைத்தாற்போல் ஆகிவிடலாகாது.

எங்கே தவறுகிறது?

இவ்வளவு கருவிகள் இருந்தும் மோசம் ஏன் நடக்கிறது? பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை. சாவிதான் கைமாறுகிறது.

பெருமானார் (ஸல்) அவர்களின் மோதிரம் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோருக்குப் பின் உதுமான் (ரலி) அவர்களிடம் வந்தது. ஒருநாள் அரீஸ் என்ற கிணற்றருகே அது நழுவி உள்ளே விழுந்தது. மூன்று நாட்கள் தேடியும் நீரை இறைத்தும் கிடைக்கவில்லை. பின்னர் ஹிஜ்ரி 35-ல், எகிப்து தேசத்தார் ஊர் திரும்பும் வழியில் ஒரு தூதனைப் பிடித்தனர் என்றும், அவனிடமிருந்த கடிதத்தில் தங்களைத் தண்டிக்கும் ஆணையும் கலீபாவின் முத்திரையும் இருந்தன என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நான் எழுதவுமில்லை, எழுதச் சொல்லவுமில்லை என்று கலீபா சத்தியம் செய்தார்கள். முத்திரையைக் கண்டவர்கள் அதனை ஏற்கவில்லை. அக்குழப்பம் அப்பெரியாரின் ஷஹாதத்தில் முடிந்தது. முத்திரை இடப்பட்டது என்பது ஒன்று. இட்டவர் யார் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாததால் வந்த கேட்டினை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் காலத்து உதாரணங்களும் உண்டு. 2011-ல் ஹாலந்து நாட்டில் சான்றிதழ் வழங்கும் டிஜிநோட்டார் என்ற கம்பெனிக்குள் எவரோ புகுந்து, கூகுள் பெயரால் பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கினர். ஈரான் நாட்டு மக்களின் கடிதங்களைப் படிக்க அவை பயன்பட்டன. அக்கம்பெனி அவ்வாண்டே திவாலாயிற்று. இங்கே 2014-ல் 1,500-க்கு மேற்பட்ட சிங்பாஸ் கணக்குகளில் பிறர் நுழைந்திருக்கக்கூடும் என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டே, மறைச்சொல்லோடு இரண்டாவது அத்தாட்சியும் காட்டும் முறை வந்தது. 2018-ல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. உள்ளே செல்ல உரிமையுள்ளவர்களின் கணக்குகளைக் கைப்பற்றியே திருடர்கள் நுழைந்தனர் என்று விசாரணையில் வெளியாயிற்று.

நாம் செய்ய வேண்டியவை

நம் சங்கத்தில் என்ன இருக்கிறது திருட என்று கேட்பாரும் உளர். ஜனாஸா உதவிக்குப் பெயர் கொடுத்தோர் பட்டியல் இருக்கிறது. ஸகாத் கேட்டு எழுதிய ஏழைகளின் குடும்ப விவரம் இருக்கிறது. பிறர் அறியக் கூடாதென்று மனம் கூசி அவர்கள் எழுதியவை அவை. அவற்றை நம்மிடம் ஒப்படைத்தது அமானிதம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டது. சங்கங்களையும் அது கட்டுப்படுத்தும். எனினும் சட்டத்துக்கு முன்னரே அமானிதத்தைக் காக்கும் கடமை நம்மேல் இருக்கிறது. ஆதலின் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்போமாக.

1. தனிச் சாவியும் மறைச்சொல்லும் ஒருவரிடம் மட்டுமே இருக்கட்டும். தலைவர், காரியதரிசி, பொருளாளர் மூவரும் ஒரே மறைச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை இன்றே நிறுத்துக.
2. ஒருவரின் பொதுச் சாவியைப் பெற்றால், அதன் ரேகை எனப்படும் குறியை அவர் வாயாலேயே கேட்டு ஒப்பிடுக. ஜும்ஆ முடிந்து டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் வாசலில் நிற்கும் இரண்டு நிமிஷம் இதற்குப் போதும்.
3. சாவி உண்டாக்கும்போதே ரத்துச் சான்றையும் எடுத்துப் பத்திரமாக வைக்க. சாவி தொலைந்தால், மோதிரம் கிணற்றில் விழுந்தது என்று உடனே அனைவருக்கும் அறிவிக்க வேண்டும்.
4. பதவி முடிந்தவரின் சாவியைச் சர்வரிலிருந்து அன்றே நீக்குக. இதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை.
5. பேங்க் கணக்கு மாறியதாக வரும் எந்தக் கடிதத்தையும், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் கேட்காமல் ஏற்காதீர்கள். சந்தேகம் தோன்றினால் 1799 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.
6. வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் இருமுனைக்கும் இடையே மறையாக்கம் பெற்றவையே. ஆயினும் பதிவுக்காக வரும் ஆறு இலக்க எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். அதுவும் ஒரு சாவியே.

நினைவுக்குச் சில வினாக்கள்

பிள்ளைகளோடு அமர்ந்து இவ்வினாக்களுக்கு விடை காண்க. கடிதத்தை மறைக்க யாருடைய எந்தச் சாவி வேண்டும்? ஒப்பமிட யாருடைய எந்தச் சாவி வேண்டும்? பூட்டுக் குறி எதை உறுதி செய்கிறது, எதை உறுதி செய்வதில்லை? கையெழுத்தின் படத்துக்கும் மின்னிலக்கக் கையொப்பத்துக்கும் வேறுபாடு யாது?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் நமக்குக் கற்பித்த மார்க்கம் இது. அல் பகரா அத்தியாயத்தில் அதுபற்றிய ஆயத்தே திருக்குர்ஆனில் மிக நீண்டது என்பதை எண்ணிப் பார்ப்போமாக. எழுதுகோல் போய்க் கணினி வந்தது. அரக்கு முத்திரை போய்ச் சாவி வந்தது. அமானிதம் மட்டும் மாறவில்லை. அன்று நம் பொருளாளர் எந்தக் கருவியும் இல்லாமல் நடந்து சென்று கேட்டார். அந்த ஜாக்கிரதையோடு கருவிகளும் சேருமானால் நம் பைத்துல்மாலும் நம்மவர் மானமும் காக்கப்படும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல நாயன் நம் அமானிதங்களைக் காக்கும் நல்லறிவை நமக்கு அருள்வானாக. ஆமீன்.